கீழூர் வாக்கெடுப்புக் கட்டுரை: 1400 சொல்லை 900 ஆக்குவது எப்படி?

உப்பளத்தான்:
பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி இந்தியாவுடன் இணைய கீழூரில் நடந்த வாக்கெடுப்பு பற்றிக் கல்லூரி மலருக்கு எழுதியது. வரிக்கு ரெண்டு சொல் எடுத்தும் 1300க்குக் கீழே இறங்கவில்லை. ஒரு வரி மாதிரிக்கு: "வரலாற்றுச் சிறப்புமிக்க கீழூரில் 18.10.1954 அன்று மக்கள் பிரதிநிதிகளால் வாக்கெடுப்பு நடத்தப்பட்டு, பெரும்பான்மையோரால் இணைப்பு ஆதரிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது." எங்கே கைவைப்பது?

கெடிலக்கரை:
சொல் பொறுக்கினால் நூறுதான் குறையும். ஐந்நூறு குறையணும்னா பத்தியே போகணும். ஒவ்வொரு பத்திக்கும் நேரே, அது என்ன சொல்கிறது என்று ஓரத்தில் ஒரே வரி எழுதுங்க. ரெண்டு பத்திக்கு ஒரே வரி வந்தால் ஒன்றை எடுங்க. வரியே எழுத வரலைன்னா அதில் சரக்கில்லை. 1674 பிரான்சுவா மர்த்தேன், துய்ப்ளே சண்டைகள் என்று பழைய பிரெஞ்சு ஆளுநர்கள் கதையெல்லாம் கீழூருக்கு வேண்டாம்.

அந்த வரியில் "பெரும்பான்மை" எதற்கு, எண்ணே இருக்கிறதே? "1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தனர். இணைப்புக்கு 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு." 'சிறப்புமிக்க', 'குறிப்பிடத்தக்கது' ரெண்டும் தானாகக் கழன்றுவிடும்.

முத்தியால்பேட்டை:
பழைய வரலாற்றை மொத்தமாக வெட்டாதீங்க. 1947க்குப் பிறகும் இங்கே பிரெஞ்சு ஆட்சி நீடித்தது என்று ஒரு வரியாவது வேணும். இல்லைன்னா வெளியூர்க்காரருக்கு வாக்கெடுப்பே எதற்கென்று புரியாது.

பத்தியை வெட்டினதும் 'மேற்கண்ட', 'அதே ஆண்டு', 'இவர்' எல்லாவற்றையும் தேடிப் பாருங்க. சுட்டிய இடம் போயிருக்கும், சுட்டு மட்டும் நிற்கும். இந்தத் தலைப்பில் இது ஆபத்து: ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1, ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. நடுவில் ஒரு பத்தி போனால் 'அதே ஆண்டு' வேறு ஆண்டில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆண்டையே எழுதிடுங்க.

கெடிலக்கரை:
சரி, அந்த ஒரு வரி இருக்கட்டும்.

மஞ்சக்குப்பம்:
'பட்டது' எல்லாவற்றையும் துரத்த வேண்டாம். செய்தவர் யார் என்பது முக்கியமில்லாத இடத்தில் அதுவே சரி. எழுவாயை மாற்றும்போது வினைமுற்றையும் பாருங்க. "முடிவு எடுக்கப்பட்டது" என்பதை "முடிவுகள்" ஆக்கிவிட்டு "எடுக்கப்பட்டது" என்றே விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

ஒற்றுப்பிழை கடைசியில். முதலிலேயே திருத்தினால், வெட்டப்போகும் பத்திக்கும் சேர்த்து உழைப்பு வீண். அதற்கு முன்னால் வேறு யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லுங்க, நீங்க படிச்சா விட்டுப்போனதையும் சேர்த்தே படிச்சிடுவீங்க. அவர் திரும்பிப் போய்ப் படிக்கிற வரியை மட்டும் குறிச்சுக்குங்க. மூலத்தை வேறு பெயரில் சேமிச்சுட்டு வெட்டுங்க.