அமெரிக்காவில் வேறு மாநிலத்தில் கன் லைசென்ஸ் எடுக்க முடியுமா? திங்கள்கிழமைக்குள் தெரிய வேண்டும்

புதிதாக வந்தவன்:
வணக்கம். பதற்றத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தான் கடையில் வேலை பார்க்கிறேன். முந்தாநாள் இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் குனிந்து உள்ளே வந்தார்கள். ஒருவன் லாட்டரி மெஷின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையால் துப்பாக்கியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அவன் விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது வரைக்கும் கண்ணிலேயே நிற்கிறது. இருந்ததை எடுத்துக்கொடுத்தேன், போய்விட்டார்கள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது.

திங்கள் முதல் மறுபடியும் நான்தான் இரவில் கடை மூட வேண்டும். அத்தான், "என் கன்னை நீ வைத்துக்கொள், லைசென்ஸ் மட்டும் ஒன்று எடுத்துவிடு" என்கிறார். நான் தங்கியிருப்பது ஒரு மாநிலம், கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம். அங்கே குடியிருக்காதவனுக்கு லைசென்ஸ் தருவார்களா? யூட்டா மாநில லைசென்ஸ் ஆன்லைனிலேயே கிடைக்கும், எங்கேயும் செல்லும் என்று கடைக்கு வரும் ஒருவர் சொன்னார். உண்மையா? யாராவது சொல்லுங்கள். ஊரில் அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஹூஸ்டன்வாசி:
தம்பி, முதலில் உயிரோடு இருக்கிறாய், அதுவே பெரிய விஷயம். தண்ணீர் குடித்துவிட்டுப் படி. நான் இங்கே வந்த புதிதில் கேஸ் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட்தான். குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, சன்னல் துவாரத்தில் சில்லறை தள்ளுவேன். விடிந்ததும் பஸ் பிடித்து வந்து, இன்னொருவர் படுத்து எழுந்த அதே மெத்தையில் படுப்பேன். பயம் போகப் பல மாதம் ஆனது. டெக்சாஸில் இப்போது 21 வயது ஆகி, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாதவர்களுக்கு லைசென்ஸே வேண்டாம். 2021 செப்டம்பர் 1 முதல் அப்படித்தான். நீ ஏன் இதற்குப் போய் இவ்வளவு கவலைப்படுகிறாய்? ஒன்று வாங்கி இடுப்பில் வை.

பே ஏரியா அக்கா:
மேலே சொன்னதைத் தயவுசெய்து அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எச்1பி என்றால் லைசென்ஸ் பேச்சே எழாது. எச்1பி, எல்1, எஃப்1, எச்4 என்று எந்த நான்-இமிக்ரண்ட் (தற்காலிக) விசாவில் வந்தவரும் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே ஃபெடரல், அதாவது மத்திய அரசுச் சட்டப்படி, குற்றம். 2022ல் இதற்கான தண்டனையை 15 வருடம் வரை ஏற்றிவிட்டார்கள். வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. அதை நம்பிக் கடைக் கல்லாவில் துப்பாக்கி வைக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இன்னொன்று, எச்1பியில் இருந்துகொண்டு அத்தான் கடையில் வேலை செய்வதே தப்பு. அதை ஏன் இப்படிப் பொதுவில் எழுதுகிறீர்கள்?

நாங்கள் வந்தபோது யாரும் எங்களுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. ரூம்மேட் ஒருவர் ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூப்பிட்டபோது என் கணவர் போகாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

டென்வர்காரன்:
யூட்டா பற்றி நான் சொல்கிறேன், என்னிடம் இருக்கிறது. யூட்டாவில் குடியிருக்கத் தேவையில்லை. அந்த மாநிலத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் எந்த ஊரில் இருந்தாலும் அவரிடம் வகுப்புக்குப் போகலாம். ஆனால் நேரில்தான் உட்கார வேண்டும், ஆன்லைன் வகுப்பு செல்லாது. கைரேகை, போட்டோ எல்லாம் சேர்த்து அனுப்பினால் 5 வருடத்துக்கு வரும். உங்கள் சொந்த மாநிலம் யூட்டா லைசென்ஸை ஏற்கிற மாநிலம் என்றால், முதலில் உங்கள் மாநில லைசென்ஸைக் காட்டச் சொல்வார்கள். மற்றபடி நிறைய மாநிலங்களில் செல்லும். நான் சாலை வழியாகவே பல மாநிலம் போய் வந்திருக்கிறேன், பிரச்சினை வந்ததில்லை.

டிராய் மருமகள்:
"பிரச்சினை வந்ததில்லை" என்பது சட்டம் ஆகாது சார். பள்ளிக்கூடத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருந்தால் ஃபெடரல் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் லைசென்ஸுக்கு விலக்கு உண்டுதான், ஆனால் அந்தப் பள்ளி இருக்கிற மாநிலமே கொடுத்த லைசென்ஸாக இருக்க வேண்டும். நகரத்துக்குள் எந்தத் தெருவில் பள்ளிக்கூடம் இல்லை? அரிசோனாவில் வெளியூர்க்காரர் விண்ணப்பிக்க அமெரிக்கக் குடியுரிமையே கேட்கிறார்கள். ஃபுளோரிடாவுக்குக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டிரைவிங் லைசென்ஸ் மாதிரி ஒன்று எடுத்தால் நாடு முழுக்கச் செல்லும் என்று நினைத்துத்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்கார்பரோ அண்ணை:
தம்பி, நான் கனடாவில் இருக்கிறேன். துவக்குச் சத்தம் கேட்டே வளர்ந்த ஆட்கள் நாங்கள். கடையில் துவக்கு வைத்தால் காவல் என்று நினைக்காதேயுங்கோ. நீட்டுகிறவன் முதலே முடிவெடுத்துவிட்டு வருவான், நீங்கள் இழுப்பறையைத் திறக்க முன்னம் எல்லாம் முடிந்துவிடும். காசைக் குடுத்துவிட்டு உயிரோடு வந்தீர்கள், அதுதான் கெட்டித்தனம். இங்கே 2022 ஒக்டோபர் 21க்குப் பிறகு கைத்துவக்கு வாங்கவும் ஏலாது, விற்கவும் ஏலாது. சொந்தக்காரரைப் பார்க்க எல்லை தாண்டி வரும்போது காருக்குள் மறந்துபோய்க் கிடந்தாலும் பறித்துவிட்டுக் கேஸ் போடுவாங்கள். வடிவாக விசாரித்துவிட்டுச் செய்யுங்கோ.

ஹூஸ்டன்வாசி:
அண்ணை, நீங்கள் சொல்வது கனடாவுக்குச் சரி. இங்கே இரவு ஒரு மணிக்குப் போலீஸை அழைத்தால் எப்போது வருவார்கள் என்று எங்களுக்குத்தானே தெரியும்?

அட்லாண்டா சுமைதாங்கி:
எனக்கு வேறு ஒன்று கேட்க வேண்டும். ஏன் எப்போதும் புதிதாக வந்தவனே இரவு ஷிப்ட் பார்க்கிறான்? சொந்தக்காரர் ஸ்பான்சர் பண்ணினார் என்பதற்காகக் காலை முதல் நள்ளிரவு வரை கடையில் நிற்க வைப்பது, சம்பளத்தைக் கேட்டால் "சாப்பாடு நாங்கள்தானே போடுகிறோம்" என்பது. எனக்கும் இதே கதைதான். கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்று வீடு கிடைக்காது, வீட்டு முகவரி இல்லாமல் பேங்க் அக்கவுண்ட் இழுக்கும், கார் இன்சூரன்ஸ்காரன் ஊரில் ஓட்டிய அனுபவத்தைக் கணக்கிலேயே எடுக்க மாட்டான். இத்தனைக்கும் நடுவில் துப்பாக்கி வேறு.

டிராய் மருமகள்:
உண்மை. குளிர்காலத்தில் வந்து இறங்கியபோது எங்களுக்கு ஒரு கம்பளிக்கோட்டுக் கூட யாரும் கொடுக்கவில்லை. ஊரில் என்னவோ நாம் டாலரை அள்ளுகிறோம் என்று நினைக்கிறார்கள்.

பே ஏரியா அக்கா:
இங்கே வாடகையைச் சொன்னால் ஊரில் நம்பவே மாட்டார்கள். அத்தான், மாமா என்று உறவு சொல்லித்தான் வேலை வாங்குகிறார்கள், அதுதான் வேதனை.

எடிசன்காரன்:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கள். பையன் திங்கள்கிழமை கடைக்குப் போக வேண்டும். தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். விசாவா, கிரீன் கார்டா? எந்த இரண்டு மாநிலம்? அத்தான் எங்கே குடியிருக்கிறார்? இது தெரியாமல் இங்கே யார் சொல்வதும் உங்களுக்குப் பயன்படாது.

புதிதாக வந்தவன்:
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதாமல் விட்டேன். அக்கா ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டில்தான் வந்தேன். நான் நியூ ஜெர்சி செர்ரி ஹில்லில் நண்பனோடு அறையில் இருக்கிறேன். கடை பிலடெல்பியாவில். அக்காவும் அத்தானும் பென்சில்வேனியாவில், பென்சேலம் பக்கம். வயது 34. அத்தானின் கன் இப்போது கடையில்தான் இருக்கிறது. திங்கள் இரவு அதைக் காரில் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டு மறுநாள் கொண்டுவரச் சொல்கிறார்.

எடிசன்காரன்:
நல்லவேளை கேட்டீர்கள். அந்தத் துப்பாக்கியைக் காரில் வைத்துப் பாலத்தைத் தாண்டாதீர்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

2013 அக்டோபரில் ஷனீன் ஆலன் என்ற பிலடெல்பியாப் பெண், பென்சில்வேனியா லைசென்ஸோடு அதே ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் வந்தார். போக்குவரத்துச் சோதனையில் நிறுத்தியபோது, "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது" என்று அவரே போலீஸிடம் சொன்னார். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அந்த இடத்திலேயே கைது. நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் கேரி லைசென்ஸையும் (துப்பாக்கியைக் கூடவே எடுத்துச் செல்லும் உரிமம்) ஏற்பதில்லை, இன்றும் அப்படித்தான். லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி வைத்திருந்தால் இங்கே 5 முதல் 10 வருடம். அதில் மூன்றரை வருடம் கழியாமல் பரோல்கூடக் கிடையாது. அவருக்கு 2015ல் அப்போதைய கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். அது ஊரே பேசிய வழக்கு. உங்களுக்காக யார் பேசுவார்கள்? அதைவிட, கிரீன் கார்டில் இருப்பவருக்குத் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை விழுந்தால் நாடு கடத்தவே அது போதும். ஷனீன் ஆலன் குடிமகள், சிறையோடு போயிருக்கும். நீங்கள் அக்காவின் இத்தனை வருடக் காத்திருப்பையும் சேர்த்து இழப்பீர்கள்.

அடுத்தது, அத்தான் கொடுப்பது. அவர் பென்சில்வேனியாக்காரர், நீங்கள் நியூ ஜெர்சிக்காரர். வேறு மாநிலத்தில் குடியிருப்பவருக்கு ஒரு தனிநபர் துப்பாக்கியைக் கைமாற்றுவதே ஃபெடரல் சட்டப்படி தப்பு. விளையாட்டுக்காகத் தற்காலிகமாக இரவல் தருவதற்கு விலக்கு உண்டு, கடை மூடுவது விளையாட்டில் வராது. உறவு என்பதால் சட்டம் மாறாது, அவரும் சேர்ந்து மாட்டுவார்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. பென்சில்வேனியா வெளிமாநிலத்தாருக்கு லைசென்ஸ் தருகிறது. கவுண்டி ஷெரிப்பிடம் (மாவட்டக் காவல் அதிகாரி மாதிரி) விண்ணப்பம், 20 டாலர், 45 நாளுக்குள் முடிவு, 5 வருடம் செல்லும். ஆனால் உங்கள் சொந்த மாநிலத்தில் கேரி லைசென்ஸ் என்று ஒன்று உண்டென்றால், முதலில் அதைக் காட்டச் சொல்கிறது சட்டம். நியூ ஜெர்சியில் உண்டு. ஆகவே நியூ ஜெர்சி லைசென்ஸ் இல்லாமல் பென்சில்வேனியாவில் வாங்க முடியாது. யூட்டா இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றுக்கும் உதவாது, அது உங்கள் சொந்த மாநில லைசென்ஸ் இல்லை.

நியூ ஜெர்சியில் 2022 ஜூனில் பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்வது உரிமை என்ற உச்ச நீதிமன்றத்தின் புரூன் தீர்ப்புக்கு முன்னால் சாதாரண ஆளுக்குக் கேரி லைசென்ஸ் கிடைப்பதே அபூர்வம். இப்போது தருகிறார்கள். ஆனால் அந்த டிசம்பரில் வந்த சட்டப்படி 200 டாலர் கட்டணம், சுட்டுக் காட்டும் பயிற்சி, அப்புறம் உறவினர் அல்லாத நான்கு பேர் உங்களைக் குறைந்தது மூன்று வருடமாகத் தெரியும் என்று உறுதி சொல்ல வேண்டும். இப்போதுதான் வந்திருக்கிற ஒருவருக்கு அந்த நால்வர் எங்கிருந்து வருவார்கள்? உங்கள் ஊர் போலீஸ்தான் விண்ணப்பத்தைப் பார்க்கும், நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள். எப்படியும் திங்கள்கிழமைக்குள் நடக்காது.

டென்வர்காரன்:
சார், 1986ல் வந்த ஃபெடரல் சட்டம் ஒன்று இருக்கிறதே? தோட்டாவைக் கழற்றி, டிக்கியில் பூட்டி எடுத்துப் போனால் எந்த மாநிலம் வழியாகவும் போகலாமே?

எடிசன்காரன்:
கிளம்புகிற இடத்திலும் போய்ச் சேருகிற இடத்திலும் அதை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும், அப்போதுதான் நடுவில் அந்தச் சட்டம் காப்பாற்றும். இங்கே போய்ச் சேருகிற இடமே நியூ ஜெர்சி, துப்பாக்கியும் இவருடையது இல்லை.

அட்லாண்டா சுமைதாங்கி:
அப்படியென்றால் பையன் அக்கா வீட்டுக்கே குடி போய்விடட்டும். பென்சில்வேனியாக்காரனாகிவிட்டால் மூன்று வருட நால்வர் கேட்க மாட்டார்கள் அல்லவா?

எடிசன்காரன்:
உண்மையிலேயே குடி போனால் சரி. ஓட்டுநர் உரிமத்தை மாற்றி, அங்கேயே வாழ வேண்டும். பென்சேலம் பக்ஸ் கவுண்டியில் வருகிறது, அந்த ஷெரிப் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். விலாசத்துக்காக மட்டும் அக்கா வீட்டு முகவரியை எழுதினால் அது பொய் வாக்குமூலம், அதற்குத் தனிக் கேஸ்.

இனி திங்கள்கிழமைக்கு வருவோம். அத்தானிடம் இதைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். துப்பாக்கியை அவரே வந்து தன் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும், நீங்கள் தொட வேண்டாம். மூடும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும். கல்லாவைக் கடை திறந்திருக்கும்போது எண்ணக்கூடாது. ஷட்டர் முழுக்க இறங்கி, பின்கதவு பூட்டிய பிறகுதான் எண்ண வேண்டும். போட மட்டும் முடிகிற, நீங்கள் திறக்க முடியாத டிராப் சேஃப் ஒன்று வாங்கிப் பெரிய நோட்டை எல்லாம் அதில் தள்ளிவிடுங்கள். "ஊழியரால் திறக்க முடியாது" என்று வாசலிலேயே ஒட்டுங்கள். வாசல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பீர் விளம்பரங்களைக் கிழித்தால் தெருவிலிருந்து கவுண்டர் தெரியும். கொள்ளைக்காரனுக்குப் பிடிக்காதது அதுதான். போலீஸ் கொடுத்த ரிப்போர்ட் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். தூக்கம் வரவில்லை, கை நடுங்குகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசின் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, கவுன்சலிங் செலவுக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஸ்கார்பரோ அண்ணை:
இதுதான் கதை. அம்மாவுக்கும் சொல்லுங்கோ தம்பி, ஒளித்து வைத்தால் உங்களுக்குத்தான் நித்திரை வராது.

புதிதாக வந்தவன்:
அத்தானிடம் பேசிவிட்டேன். முதலில் கோபப்பட்டார். ஷனீன் ஆலன் விஷயத்தை அக்கா போனில் படித்துக் காட்டியதும் அமைதியாகிவிட்டார். இனி பத்து மணிக்கே கடை மூடுவது, திங்கள் முதல் அவரும் கூட நிற்பது என்று முடிவு. கன்னை நேற்றே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். கடைசியாக ஒன்று. பிற்பாடு என் பெயரிலேயே ஒன்று வாங்கி செர்ரி ஹில் அறையில் மட்டும் வைக்க வேண்டும் என்றால்?

எடிசன்காரன்:
அதற்குக் கேரி லைசென்ஸ் வேண்டாம். நியூ ஜெர்சியின் ஃபயர்ஆர்ம்ஸ் பர்ச்சேசர் ஐடி கார்டும், கைத்துப்பாக்கிக்குத் தனியாக ஒரு பர்ச்சேஸ் பெர்மிட்டும் எடுக்க வேண்டும். மாநிலப் போலீஸின் இணையதளம் வழியாக விண்ணப்பம், கைரேகை உண்டு. பென்சில்வேனியாக் கடையில் கைத்துப்பாக்கி வாங்கிக் கையோடு எடுத்துவர முடியாது, சொந்த மாநில டீலர் மூலமாகத்தான் வாங்க வேண்டும். டீலர் தரும் 4473 படிவத்தில் (துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் மத்திய அரசுப் படிவம்) கிரீன் கார்டில் உள்ள ஏ-நம்பரை, அதாவது குடியேறியவருக்கான அடையாள எண்ணை, எழுத வேண்டும், அதனால் கார்டைக் கொண்டுபோங்கள். ஓட்டுநர் உரிமத்தில் செர்ரி ஹில் முகவரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், பழைய முகவரி என்றால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அறை நண்பர் என்ன விசாவில் இருக்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எச்1பி என்றால் சாவி உங்களிடம் மட்டும் இருக்கிற பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும்.