போன்ல பார்க்கிறவங்களுக்கு வலைப்பக்கம் எப்படி அமையணும்? உங்க அனுபவம் சொல்லுங்க

மண்டபத்தான்:
பாம்பன்ல ஒரு கருவாட்டு வியாபாரியோட பக்கத்தைத் திருத்திக் கொடுத்தேன். பழைய பக்கம் கம்ப்யூட்டர்ல பக்கத்துல பக்கத்துல மூணு பத்தியா (காலம்) அம்சமா நிக்கும். விலையும் போன் நம்பரும் வலது ஓரம். போன்ல திறந்தா மூணும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு விழுந்து, விலை அடிமட்டத்துக்குப் போயிடும். கடை வரலாறு, பாலம் படம் எல்லாம் தாண்டினாத்தான் நெத்திலி கிலோ என்னன்னு தெரியும். மதுரையில வாங்குற கடைக்காரருக்கு வேண்டியதே அந்த ஒரு வரிதான்.

ஈத்தன் மார்காட்ங்கிற வலை வடிவமைப்பாளர் 2010ல 'ரெஸ்பான்சிவ்'னு பேர் வச்ச முறை, திரை அகலத்துக்குப் பக்கத்தை வளைக்கும். எது முதல்ல வரணும்னு அதுக்குத் தெரியாது. பக்கத்தோட மூல எழுத்தான ஹெச்டிஎம்எல்லயே விலையை முதல்ல எழுதி, பெரிய திரையில மட்டும் கிரிட் (கட்டம் கட்டமா அடுக்குற முறை) வச்சு வலப்பக்கம் அனுப்பினேன். திரையில இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற திரைவாசிப்பான் வச்சுக் கேக்குறவங்களுக்கும் விலைதான் முதல்ல வரும்.

அடுத்த தலைவலி நம்ம தமிழ். 'நெத்திலிக்கருவாடு'ன்னு சேர்த்து எழுதினா, ரெண்டு பத்திக் கிரிட் அந்தச் சொல்லோட அகலத்தை விடச் சுருங்காது. பக்கமே வலப்பக்கம் பிதுங்கும். மின்-விட்த், அதாவது குறைஞ்சபட்ச அகலம், பூஜ்யம்னு கொடுத்தா பத்தி சுருங்கும், எழுத்து வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும். சொல்லை நடுவுல வெட்ட எனக்கு மனசு வரலை. இடத்துக்குத் தக்கபடி பத்தி எண்ணிக்கையை மாத்துற ஆட்டோ-ஃபிட் போட்டு, இடம் பத்தலைன்னா ஒரே பத்தியாகட்டும்னு விட்டுட்டேன்.

தொண்டிக்காரி:
அண்ணே, வெயிலை விட்டுட்டீங்க. எங்க கரையில நண்டு எடைபோடுற இடத்துல போனை நீட்டினா கறுப்புப் பின்னணியில ஒண்ணும் தெரியாது, நம்ம மூஞ்சிதான் தெரியும். ராத்திரிக்குன்னு டார்க் மோடு வச்சிருப்பாங்க. பக்கமும் அதைப் பார்த்துக் கறுப்பாயிடும். நான் மேல ஒரு பொத்தான் வச்சுட்டேன், வேணும்ங்கிறவங்க வெள்ளையாக்கிக்கட்டும். எல்லாரும் பயன்படுத்துற மாதிரி பக்கம் அமைக்கச் சொல்ற டபிள்யூசிஏஜி 2.2 வழிகாட்டி பொத்தானுக்குக் குறைஞ்சது 24 பிக்சல்ங்குது. ஈரக்கைக்கு அது எந்த மூலைக்கு? 48 வச்சேன்.

ராமேஸ்வரம் லாட்ஜ் தம்பி:
எங்களுக்கு வர்ற யாத்திரிகர்ல வயசானவங்க நிறைய. போன்லயே எழுத்தைப் பெருசாக்கி வச்சிருப்பாங்க. பொத்தான் உயரத்தைப் பிக்சல்ல கட்டிப்போட்டா 'கீ'யோட மேல்சுழியும் 'கு'வோட அடிவளைவும் வெட்டுப்படும். உயரத்தை எடுத்துட்டு பேடிங் (எழுத்தைச் சுத்தி விடுற உள் இடைவெளி) மட்டும் கொடுத்தேன், வரி உயரம் எழுத்தளவைப் போல 1.6 மடங்கு. விரலால பெருசாக்க முடியாம யாரோ வியூபோர்ட் (திரை அளவு) வரியில போட்டு வச்சிருந்த பூட்டையும் தூக்கினேன். இப்ப "ரூம் இருக்கா"ன்னு கேட்டு வர்ற போன்தான் ஜாஸ்தி, "பக்கத்துல ஒண்ணும் தெரியலையே"ங்கிற போன் இல்லை.