வெள்ளிக்குள் வேண்டும்: போனோ ஸ்டேஜுக்குத் தமிழ்

ஹட்டனிலிருந்து:
வணக்கம். சனிக்கிழமை வானொலி திருத்தும் வகுப்புக்குக் குறிப்புத்தாள் தயாரிக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பழைய இசைத்தட்டுச் செட் ஒன்றுக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து புது போனோ ஸ்டேஜ், அதாவது ஊசி தரும் மிகச் சிறிய மின்சைகையைப் பெரிதாக்கும் பெட்டி, போட்டோம். மாட்டிய கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) அசையும் சுருள் வகை, 0.3 மில்லிவோல்ட்தான் தரும். ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்த பழைய போனோ, அசையும் காந்த வகையின் 5 மில்லிவோல்ட்டுக்குச் செய்தது. அதன் 40 டெசிபெல் பெருக்கம் போதவில்லை, 60 தேவைப்பட்டது. இதையெல்லாம் எழுதிவிட்டேன், பெட்டியின் பெயர்தான் இல்லை. போனோ என்றால் பிள்ளைகள் கைத்தொலைபேசி என்கிறார்கள். ‘ஊசிப்பெருக்கி’ சரிவருமா?

மஸ்கெலியாவிலிருந்து:
என் கடையில் ஊசிப்பெருக்கி கேட்டால், ஊசியில் தூசி பெருக்கும் பிரஷ்ஷைத்தான் எடுத்துத் தருவேன்.

கண்டியிலிருந்து:
பெருக்கி இந்திய வழக்கு. நம் உயர்தரப் பௌதிகவியலில் விரியலாக்கி. எனவே ‘தட்டிசை முன்விரியலாக்கி’.

பதுளையிலிருந்து:
அது பாதி வேலையைத்தான் சொல்கிறது. தாழ்ந்த சுருதி ஒலியை உள்ளபடி வெட்டினால் தட்டின் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தை இடிக்கும், அதனால் குறுக்கி வெட்டுகிறார்கள். உயர்ந்த சுருதி ஒலியை மிகுத்து வெட்டுவது தட்டின் கரகரப்பைப் பின்னர் அடக்க. 1954இல் வந்த, அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏயின் வளைவுப்படி, 1,000 ஹேர்ட்ஸை நடுவாக வைத்து, 20 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 19 டெசிபெல் கூட்டி, 20,000இல் அதே அளவு குறைப்பது இந்தப் பெட்டிதான். குறுக்கம் நமக்குப் புதிதா? ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் என்று எத்தனை! குறைந்த ஓசையை நிறைப்பது அளபெடை. நன்னூலாரே ‘இசைகெடின்’ என்றுதானே அந்த நூற்பாவைத் தொடங்குகிறார். ஆகவே ‘அளபெடுப்பி’.

கண்டியிலிருந்து:
சேர், அளபெடை நீட்டுவது மாத்திரையை, அதாவது ஒலிக்கும் நேரத்தை. இங்கே கூடுவது வீச்சம், அதாவது ஒலியின் வலிமை. மாத்திரை நீண்டால் சுழல்தட்டு மோட்டரில் கோளாறு என்று அர்த்தம். அதோடு, உயர் மீடிறனை, அதாவது உயர்ந்த சுருதியைக், குறைப்பதற்கு உங்கள் சொல்லில் இடமே இல்லை.

பதுளையிலிருந்து:
இடமில்லைதான். அப்படியானால் ‘மீட்பி’. வீணையை மீட்டுவதும் இழந்ததை மீட்பதும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். ‘மீள்’ என்பதிலிருந்து

பண்டாரவளையிலிருந்து:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கணும் சேர். எங்கள் லயத்தில், அதான் தோட்டத்து வரிசை வீடுகளில், மீட்பு என்றால் அடகுக் கடை நகைதான்.

பதுளையிலிருந்து:
லயம் என்றதும் தாளம் நினைவுக்கு வருகிறவன் மலையகத்தில் நான் ஒருவன்தானா?

மஸ்கெலியாவிலிருந்து:
பெயர் எதுவும் ஆகட்டும். சுழல்தட்டின் எர்த் வயரைப் பெட்டியின் திருகில் மாட்டச் சொல்லித் தடித்த எழுத்தில் போடுங்கள் தம்பி. விட்டுவிட்டால் 60 டெசிபெல்லில் பாட்டுக்குப் பதிலாக 50 ஹேர்ட்ஸ் இரைச்சல்தான் வரும். சுருள் வகைக்கு 100 ஓம் அளவில் சுமைத் தடை வைக்க வேண்டும், பழைய 47 கிலோ ஓமிலேயே விட்டுவிடுவார்கள். அதையும் எழுதுங்கள்.

ஹட்டனிலிருந்து:
இரண்டையும் சேர்த்துவிட்டேன் அண்ணே. நேரமில்லை, முன்விரியலாக்கி என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் போனோ ஸ்டேஜ் என்றும் இருக்கும். குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைக்கும் வேலையைக் கீழே ஒரு வரியில் விளக்குகிறேன்.

பதுளையிலிருந்து:
அந்த ஒரு வரி தேவைப்படுகிறதே, சொல் போதவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு தாளை மறுபடி அடிப்பீர்கள் அல்லவா, அதற்கு ‘சமன்மீட்பி’.

பண்டாரவளையிலிருந்து:
அடகுக் கடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது சேர்.