ஒத்துச்சுழல் மூட்டு: பழைய மினி லொறியின் எக்சலுக்குச் சொல் தேடி

அனைவருக்கும் வணக்கம்.

வாகனத்தின் முன்சில்லுக்கு விசை கொண்டுபோகும் 'எக்சல்' தண்டில் இருக்கும் மூட்டுக்கு, அதாவது ஆங்கிலத்தில் 'கொன்ஸ்டன்ட் வெலோசிட்டி ஜொயின்ட்' எனப்படுவதற்கு, 'மாறாவேக இணைப்பு' என்ற சொல்லை முன்மொழிந்தும் அதை மறுத்தும் சென்ற வாரம் இங்கே எழுதியோரின் மடல்களை இரண்டு முறை வாசித்தேன். அச்சொல்லோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதன் காரணம் அகராதியில் கிடைத்ததன்று, எங்கள் வீட்டு வாகனத்தால் கிடைத்தது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்களிடம் 1995ஆம் ஆண்டில் ஜப்பானில் செய்யப்பட்டு, பாவித்த வாகனமாக இலங்கைக்கு வந்த சுசுகி கேரி மினி லொறி ஒன்று இருக்கிறது. 660 சீசீ எஞ்சின் கொண்டது. தேவைப்படும்போது நான்கு சில்லுகளுக்கும் விசை கொடுக்கக் கூடியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், இத்தகைய பழைய வண்டிகளைக் கைவிடாமல் ஓட்டவேண்டிய நிலை எங்களைப் போன்ற பலருக்கும் ஏற்பட்டது. இந்த மாரியில் வலதுபுற முன்சில்லின் உட்பக்கத்தில் அந்த மூட்டை மூடியிருக்கும் றப்பர் உறை கிழிந்து, கிறீஸ் முழுவதும் வெளியே சிதறி, அந்த இடத்தில் சேறு புகுந்துவிட்டது. சேற்று வழியில் நான்கு சில்லிலும் ஓட்டி வளைக்கும்போதெல்லாம் 'டக் டக்' என்ற ஓசை கேட்கத் தொடங்கியது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உள்ள உதிரிப்பாகக் கடையொன்றுக்குத் தொலைபேசியில் பேசி, "கேரி எக்சல் ஒன்று வேண்டும்" என்று கேட்டேன். பஸ்ஸில் வந்து சேர்ந்தது பின்பக்கத்து எக்சல். ஒரு முனையில் சில்லைப் பூட்டும் தட்டும் பேரிங்கும், மறுமுனையில் பல்லும் உள்ள நேரான இரும்புத் தண்டு. எனக்குத் தேவைப்பட்டதோ இரு முனைகளிலும் மூட்டுகளைக் கொண்ட முன்தண்டு.

கடைக்காரர் பிழை செய்யவில்லை. அவர் வைத்திருந்த சொல்லும் நான் வைத்திருந்த சொல்லும் ஒன்றே. அந்த ஒரு சொல் மூன்று பொருள்களைக் குறித்தது. பின்பக்கத்தில் பாரத்தைத் தாங்கியபடி இலைவில்லோடு பூட்டிக் கிடக்கும் முழுக் குழாயும் எக்சல், அதனுள்ளே சுழலும் தண்டும் எக்சல், முன்சில்லுக்கு விசை கொண்டுபோகும் மூட்டுள்ள தண்டும் எக்சல். ஆகவே நாம் தேடும் கலைச்சொல் இம்மூன்றையும் பிரித்துக் காட்டவேண்டும். 'அச்சுத்தண்டு' என்ற ஒரே சொல்லை இட்டுவிட்டால் ஆங்கிலச் சொல் தந்த குழப்பத்தைத் தமிழில் பெயர்த்துக்கொண்டதாக மட்டுமே ஆகும்.

அச்சு நல்ல சொல்தான். 475ஆம் குறளில் மயிலிறகேயாயினும் மிகுதியாக ஏற்றினால் முறிவது அச்சு. 667ஆம் குறளில் பெருந்தேரின் சில்லைக் கழலாமல் காப்பது அச்சாணி. இரண்டும் வெவ்வேறு உறுப்புகள் என்பது அங்கேயே தெளிவாக இருக்கிறது. ஆனால் எங்கள் பாடசாலையில் எளிய பொறியொன்றின் பெயராக 'சில்லும் அச்சாணியும்' என்று படித்தோம். தமிழகத்தில் 'சக்கரமும் அச்சும்' என்கிறார்கள். மேலும், மாட்டுவண்டியின் அச்சு சுழல்வதில்லை. அது அசையாமல் நின்று பாரத்தைத் தாங்க, சில்லு மட்டும் அதன்மேல் சுழலும். தமிழக ஊர்களில் மாட்டுவண்டித் தச்சர்கள் இதை 'இருசு' என்றும் வழங்குவர். பாரம் தாங்கும் பின்பக்க முழு அமைப்புக்கு இச்சொல்லே மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். அச்சடித்தல், அச்சுக்கோடு ஆகியவற்றோடு மயங்காது என்பதும் ஒரு வசதி. அவ்வாறு கொண்டால் பின்பக்கம் இருப்பது இருசு, அதனுள் சுழல்வது உள்தண்டு, முன்பக்கம் இருப்பது மூட்டுத்தண்டு. தொலைபேசியில் "மூட்டுத்தண்டு" என்று கேட்டால் நேரான தண்டை எவரும் அனுப்பமாட்டார்கள்.

இனி அந்த மூட்டுக்கு வருகிறேன். இந்த விவாதத்தின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

சாதாரணக் குறுக்கு மூட்டு, அதாவது கராஜில் 'குறொஸ்' என்று சொல்வது, இரு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்வரை ஒழுங்காகவே சுழலும். இடையில் 30 பாகை வளைவு ஏற்பட்டுவிட்டால், முதல் தண்டு நிமிடத்துக்கு 1000 சுற்று என்று சீராகச் சுழன்றாலும், இரண்டாவது தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 866 வரை தணிந்து, இரண்டு முறை 1155 வரை ஏறும். பின்பக்கத்துக்குப் போகும் நீண்ட தண்டில் இரண்டு குறுக்கு மூட்டுகளைப் பொருத்தமாக அமைத்து, ஒன்றின் பிழையை மற்றொன்றால் நீக்கிவிடுகிறார்கள். ஸ்டியரிங் திருப்பத் திருப்ப வளைவு மாறிக்கொண்டே இருக்கும் முன்சில்லில் அது எளிதன்று. அதனால்தான் அங்கே, பள்ளங்களில் உருளும் ஆறு குண்டுகளைக் கொண்ட வேறொரு மூட்டு இருக்கிறது. தண்டுகள் எந்தக் கோணத்தில் நின்றாலும் அக்குண்டுகள் அக்கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்பதால், ஒரு பக்கம் எவ்வாறு சுழல்கிறதோ மறுபக்கமும் அவ்வாறே சுழலும்.

இங்கே மாறாமல் இருப்பது எது? வேகம் அன்று. நாம் வேகமாக ஓட்டினால் அந்த மூட்டும் வேகமாகச் சுழலும், நிறுத்தினால் நின்றுவிடும். மாறாதது இரு பக்கங்களுக்கும் இடையே உள்ள ஒப்பு மட்டுமே. ஆங்கிலப் பெயரே இவ்விடத்தில் வழிதவறச் செய்கிறது; 'மாறாவேகம்' அதன் நிழலாக நிற்கிறது. ஜப்பானியர் இதைத் 'தோசொகு' மூட்டு, அதாவது சமவேக மூட்டு என்கிறார்கள். ஜெர்மானியச் சொல்லின் பொருளும் 'ஒத்து ஓடும் மூட்டு' என்பதே. இவ்விரு மொழியினரும் பொருளைப் பார்த்தே பெயரிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் 'சமவேக மூட்டு' என்றே வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். முதலில் நானும் அதையே எழுத எண்ணினேன். ஆனால் 'வேகம்' என்ற சொல் பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. தமிழகப் பாடநூல்களில் வேகமும் திசைவேகமும் வெவ்வேறு. இலங்கைப் பாடநூல்களில் திசையற்றது கதி, திசையுள்ளது வேகம். ஒரு கரையில் சரியாக இருப்பது மறுகரையில் பிழையாகிவிடும். 'இணைசுழல்' என்பதும் ஆகாது. இணை என்றால் இணைகோடுகள் நினைவுக்கு வரும், இந்த மூட்டின் சிறப்போ தண்டுகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாதபோதுதான் வெளிப்படுகிறது. ஆகவே 'ஒத்துச்சுழல் மூட்டு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'ஒத்துழைப்பு' என்ற சொல் எல்லோருக்கும் பழக்கமானதால் இதன் அமைப்பும் அயலாகத் தோன்றாது. எங்கள் கராஜில் இருக்கும் முதிய மெக்கானிக்கிடம் பொருளை விளக்காமலேயே இச்சொல்லைச் சொன்னேன். "ரெண்டு பக்கமும் ஒத்துச் சுத்துறது, முன்சில்லுக்கு உள்ளது தானே?" என்று உடனே கேட்டார்.

உதிரிப்பாகம் தேடுவோருக்கு இடையில் ஒரு குறிப்பும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்ட வண்டிகளில் 17 இலக்க அடையாள எண் இராது; சட்டகத்தில் பொறித்திருக்கும் மாதிரிக் குறியும் தொடரெண்ணும் மட்டுமே இருக்கும். எங்களது 'DD51T' என்று தொடங்குகிறது. இரண்டு சில்லுகளுக்கு மட்டும் விசை போகும் அதே வண்டியின் குறி 'DC51T'. இரண்டாவது எழுத்து ஒன்றே வேறுபாடு. இக்குறியோடு உற்பத்தி ஆண்டு, மாதம், இடமா வலமா என்பது, இரு முனைகளிலும் உள்ள பல்லின் எண்ணிக்கை, முழு நீளம் ஆகியவற்றையும் தெரிவித்தால் பெரும்பாலும் சரியான தண்டு வந்துவிடும்.

பெயரிட எஞ்சியிருப்பது முன்தண்டின் உள்முனையில் இருக்கும் மூட்டு. அது ஒத்துச் சுழல்வதோடு, சில்லு மேலும் கீழும் அசையும்போது உள்ளும் புறமுமாக வழுக்கவும் செய்யும். எங்கள் வண்டியில் அதனுள் மூன்று கைகளும் ஒவ்வொன்றிலும் ஓர் உருளையும் இருக்கின்றன. மூன்று கால் உடையது என்ற பொருளில் 'முக்கால் மூட்டு' என்றால் முக்கால் பங்கு என்று பொருள் மயங்கும். 'முக்கை மூட்டு' எனலாமா, அல்லது வழுக்குவதை முதன்மையாக்கி 'வழுக்கு மூட்டு' எனலாமா என்று எனக்கு இன்னும் துணிவு பிறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய தண்டைக் கழற்றிக் கழுவிப் படம் எடுத்து அனுப்புகிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.