சென்னை – நாகர்கோவில்: இடுப்பு நோகாத வண்டி எது?

நாஞ்சில்வாசி:
வணக்கம். வயது 43, உயரம் 165 செ.மீ. வேலை தாம்பரத்தில், வீடு நாகர்கோவில். வருஷத்துக்கு நாலு தடவை பைக்கிலேயே போய் வருகிறேன், ஒரு வழிக்கு 700 கி.மீ. பக்கம். பாதி தடவை வீட்டுக்காரியும் பின்னால் வருவாள். இப்போது இருப்பது குனிந்து ஓட்டும் 220 சிசி. உளுந்தூர்பேட்டை தாண்டும்போதே மணிக்கட்டு மரத்துவிடும். போன பொங்கலுக்கு மேலூரில் டீ குடிக்க இறங்கியவன் ஐந்து நிமிஷம் நிமிர முடியாமல் நின்றேன். கடைக்காரர் பதறிப்போய் பெஞ்சில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு என்னைப் படுக்கச் சொன்னார். எல்4-எல்5 டிஸ்க், அதாவது இடுப்புப் பக்க முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். வண்டியை விடு என்று சொல்லவில்லை, மாற்று என்றார். ராயல் என்ஃபீல்டில் தாழ்வான குரூசர் மீட்டியார் 350-ஆ, உயரமான ஹிமாலயன் 450-ஆ? ரயிலில் போ என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் எனக்கும் தெரியும்.

ஆறுவழிச்சாலை:
யோசிக்கவே வேண்டாம் அண்ணாச்சி, மீட்டியார். சீட் உயரம் 765 மி.மீ. உங்கள் உயரத்துக்கு இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியும். ஹேண்டில்பார் தானே கைக்கு வரும், நீங்கள் குனிய வேண்டியதில்லை. டேங்க் 15 லிட்டர். எஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருக்கிறது, பழைய புல்லட் மாதிரி 80-க்கு மேல் உதறாது. 85, 90-ல் பிடித்தால் சாயங்காலம் வரை ஒரே சுருதி. விலையையும் பாருங்கள்: 2025 செப்டம்பரிலிருந்து 350 சிசி வரை ஜிஎஸ்டி வரி 18 சதவீதம், அதற்கு மேலே 40. அந்த வித்தியாசத்தில் நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் வந்துவிடும்.

கிமீ கந்தன்:
டிஸ்க் பிரச்னை உள்ளவருக்குக் குரூசரா? காலை முன்னால் நீட்டி உட்கார்ந்தால் கால் எடையைத் தாங்காது. உடம்பு பாரம் முழுக்க வால் எலும்பில் இறங்கும். பள்ளம் வந்தால் பிட்டத்தைத் தூக்கக்கூட முடியாது, அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். நான் மூன்று வருஷம் ஒரு குரூசர் வைத்திருந்தேன், கம்பெனி பேர் வேண்டாம். முதல் 100 கி.மீ. சொர்க்கம். அதற்குப்பிறகு ஒவ்வொரு மேம்பால ஜாயின்ட்டும் முதுகில் ஒரு தட்டு. கோவில்பட்டிக்குள் எத்தனை ஜாயின்ட் என்று எண்ணிச் சொல்லுமளவுக்கு மனப்பாடம்.

ஹிமாலயனில் ஃபுட்ரெஸ்ட் கிட்டத்தட்ட உடம்புக்கு நேர் கீழே. ஜாயின்ட் தெரிந்ததும் முழங்காலை லேசாக மடக்கி எழுந்தால் போதும், அடி தொடைக்குப் போகும். சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் 200 மி.மீ. இறங்கி ஏறும். மீட்டியாரின் முன் ஃபோர்க் 130-தான். மணிக்கொரு தடவை ஒரு நிமிஷம் நின்றுகொண்டே ஓட்டலாம். இடுப்பு வலிக்கு அதைவிட மருந்து இல்லை.

ஆறுவழிச்சாலை:
மணிக்கொரு தடவை நெடுஞ்சாலையில் நின்றுகொண்டு ஓட்ட அவர் என்ன சர்க்கஸிலா இருக்கிறார்? பின்னால் மனைவி வேறு. அவர் எழுந்து நின்றால் அந்தம்மா எதைப் பார்த்துக்கொண்டு வருவது?

இன்னொன்று, ஹிமாலயன் சீட் 825 மி.மீ. எடை 196 கிலோ. அதன்மேல் பின்னால் ஒரு ஆள், இரண்டு பை. ரோட்டோரச் சரிவில் நிறுத்தும்போது நுனிக்கால் மட்டும் எட்டுகிறது என்றால் வண்டி சாயும். சாய ஆரம்பித்த வண்டியை டிஸ்க் பிதுங்கிய இடுப்பு தாங்குமா? ஓடும்போது கிடைக்கிற சுகத்தை நிறுத்தும்போது ஒரே நொடியில் இழந்துவிடுவார்.

கிமீ கந்தன்:
இரண்டு காலும் ஊன்ற வேண்டியதில்லை. சீட்டில் ஓரமாக நகர்ந்து ஒரு காலை ஊன்றினால் போதும். உயரம் குறைந்த சீட்டும் கம்பெனியிலேயே தனியாகக் கிடைக்கிறது. 40 குதிரைத்திறன் இருக்கும்போது லாரியைத் தாண்ட அரை கிலோமீட்டர் காத்திருக்கவும் வேண்டாம். மீட்டியாரில் இருப்பது 20.

100சிசிபோதும்:
எங்கப்பா டிவிஎஸ் 50-ல் மதுரையிலிருந்து திருச்செந்தூர் போய் வந்தவர். இந்தக் காலத்து ஆட்களுக்குத்தான் இடுப்பு, மணிக்கட்டு, சஸ்பென்ஷன் எல்லாம்.

நாஞ்சில்வாசி:
உங்கள் அப்பாவுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தீர்களா தம்பி?

பட்டறை:
சேலத்தில் 22 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் வண்டியை விற்கப் பார்க்கிறீர்கள், இருக்கிற வண்டியை ஒருத்தரும் பார்க்கவில்லை. அண்ணன் 220-இல் பின்னால் ஆள் ஏறும்போது ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை எப்போதாவது இறுக்கி ஏற்றி வைத்தாரா? என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அப்படி ஒரு செட்டிங் இருப்பதே தெரியாது. ஷோரூமில் வைத்த இடத்திலேயே பத்து வருஷம் ஓடும்.

பார்க்கிற விதம் இது. பின் சக்கரம் தரையில் படாதபடி வண்டியை நேராகத் தூக்கி நிறுத்தி, பின் ஆக்சிலிலிருந்து மேலே சீட் ஓரம் வரை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். பிறகு இருவரும் பையோடு உட்கார்ந்து, இன்னொருவரை அதே அளவை எடுக்கச் சொல்லுங்கள். சஸ்பென்ஷன் மொத்தமாக எவ்வளவு இறங்குமோ அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் சரி. பாதிக்கு மேல் இறங்கியிருந்தால், அடுத்த பள்ளத்தில் ஸ்பிரிங்குக்கு வேலை செய்ய இடமே இல்லை, அடிமட்டத்தில் போய் இடிக்கும். அந்த இடியைத்தான் நீங்கள் டிஸ்க் என்கிறீர்கள். ஷாக் வளையத்தைத் திருப்பும் கொக்கி ஸ்பேனர், சி-ஸ்பேனரால் இரண்டு பல் ஏற்றினால் வித்தியாசம் தெரியும். ஊர் போய் ஆளை இறக்கிவிட்டால் மறுபடி இறக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் தனியாக ஓட்டும்போது கட்டை வண்டி மாதிரி துள்ளும்.

அடுத்தது சீட். கடையில் உட்கார்ந்ததும் மெத்து மெத்தென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். சோஃபா ஸ்பாஞ்சு ஒரு மணி நேரத்தில் அமுங்கி, அடியில் இருக்கிற பிளாஸ்டிக் எலும்பில் முட்டும். முஷ்டியை வைத்து முழு பாரத்தோடு அழுத்திப் பாருங்கள், அடித்தட்டு தட்டுப்பட்டால் அந்த சீட் 50 கி.மீ.க்கு மேல் உதவாது. கெட்டி ஃபோமில் அகலமாகக் கட்டிக்கொடுக்கும் ஆட்கள் சென்னைப் புதுப்பேட்டையிலேயே இருக்கிறார்கள். ஹேண்டில்பாரையும் ஏற்றிக் கொடுக்கலாம். புது வண்டி விலையில் இதெல்லாம் சில்லறை.

கிமீ கந்தன்:
பட்டறை அண்ணன் சீட், ஷாக் பற்றிச் சொல்வதில் மறுப்பே இல்லை. ஆனால் ஃபுட்ரெஸ்ட் பின்னால் ஏறி இருக்கிற வண்டியில் ஹேண்டிலை மட்டும் ஏற்றினால் உடம்பு நிமிரும், கால் மடங்கியேதான் இருக்கும். பாரம் மணிக்கட்டிலிருந்து இறங்கி இடுப்புக்குப் போகும். வலியை இடம் மாற்றுவதற்குச் செலவு செய்யச் சொல்கிறீர்கள்.

பட்டறை:
அது நியாயம்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சீட்டை முதலில் கட்டிப் பார்க்கட்டும்.

பின்சீட்டு_ராணி:
இத்தனை பதிவு ஓடிவிட்டது, பின்னால் உட்காருகிறவளுக்கு எது வசதி என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நாஞ்சில்வாசி அண்ணா, வண்டி வாங்குமுன் அண்ணியைக் கூட்டிப்போய் ஏற்றிப் பாருங்கள். உயரமான வண்டியில் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டி, மேலே டாப் பாக்ஸும் வைத்துவிட்டால் காலைத் தூக்கிப் போடவே இடமிருக்காது. சுடிதாரோடு நான் ஏறுவதைப் பெட்ரோல் பங்கில் எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதே கூத்து.

ஏறி உட்கார்ந்துவிட்டால் கதை மாறும், அதையும் சொல்கிறேன். உயர வண்டியில் அவர் தோளுக்கு மேலே ரோடு தெரியும், பள்ளம் வருவது முன்னாலேயே தெரியும், உடம்பு தயாராகிவிடும். தாழ்ந்த வண்டியில் வழி முழுக்க ஹெல்மெட் முதுகைத்தான் பார்க்கணும். அடி எப்போது வருமென்று தெரியாது. முதுகு சாய ஒரு பேக்ரெஸ்ட் இருந்தால் பாதி வலி இல்லை, அது எந்த வண்டியானாலும்.

ஆறுவழிச்சாலை:
ராணி சொன்ன டாப் பாக்ஸில்தான் அடுத்த விஷயம் இருக்கிறது. அண்ணாச்சிக்குத் தெரியாததில்லை, ஆடி மாசம் கயத்தாறு தாண்டினால் காற்று எப்படி அடிக்கும் என்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? உயரமான வண்டி, மூன்று பெட்டி, பக்கவாட்டுக் காற்று. ஒரு லேனிலிருந்து அடுத்த லேனுக்குத் தள்ளும். அதோடு மல்லுக்கட்டி வீடு சேர்ந்தால் தோள்பட்டை போயிருக்கும்.

நாஞ்சில்வாசி:
அது உண்மை. முப்பந்தல் பக்கம் 220-யே சாய்ந்துதான் ஓடும்.

கிமீ கந்தன்:
பெட்டியைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் துணிப் பை போடுங்கள், தீர்ந்தது. ஊருக்குப் போகிறவருக்கு மூன்று பெட்டி எதற்கு? அங்கே வேட்டி சட்டை இருக்காதா?

நாஞ்சில்வாசி:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு இரண்டு ஷோரூமுக்கும் அவளைக் கூட்டிப்போனேன். ஹிமாலயனில் உட்கார்ந்ததும் என் இடுப்பு "இதுதான்" என்றது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவள் ஏறும்போது வண்டி ஒரு பக்கம் போனது, சேல்ஸ் பையன் ஓடிவந்து பிடித்தான். மீட்டியாரில் அவள் ஒரே மூச்சில் ஏறிவிட்டாள், எனக்குத்தான் காலை எங்கே வைப்பது என்று புரியவில்லை. ஷோரூமைச் சுற்றி இரண்டு கி.மீ. ஓட்டி என்ன தெரியும்? அதனால் இரண்டையும் வண்டிக்கு ஒரு நாள் என்று வாடகைக்கு எடுத்து, அவளோடு திண்டிவனம் வரை போய்த் திரும்பலாம் என்று இருக்கிறேன். அதுவரை 220-க்குப் பட்டறை அண்ணன் சொன்ன சீட்டைக் கட்டக் கொடுத்துவிட்டேன்.

பட்டறை:
வாடகை வண்டி எடுத்ததும் முதல் பெட்ரோல் பங்கில் டயர் காற்றைப் பாருங்கள். கல்லு மாதிரி அடித்து வைத்திருப்பார்கள். அதில் ஓட்டிவிட்டு வண்டியைத் திட்டாதீர்கள். சி-ஸ்பேனரையும் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.