புதுப்பிப்பு: சிட்னியில் சித்தப்பாவுக்குத் தமிழில் உளவளத்துணை

வன்னியிலிருந்து வந்து வெஸ்ட்மீட்டில் எங்களோடு வசிக்கும் சித்தப்பா இரவில் நித்திரையின்றித் தவிப்பதையும், நெஞ்சு நோவுக்கான சோதனைகளில் குறையெதுவும் தெரியாததையும் எழுதி, தமிழில் உளவளத்துணை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

ஸ்டார்ட்ஸ் (STARTTS) என்ற நிறுவனத்தை நேரடியாக அணுகுமாறு ஒரு அக்கா கூறிய ஆலோசனையே வழிகாட்டியது. போரிலும் சித்திரவதையிலும் பாதிக்கப்பட்டு நியூ சவுத் வேல்ஸில் குடியேறியோருக்காக 1988இல் தொடங்கப்பட்ட இச்சேவை இலவசமானது. வைத்தியரின் கடிதம் இல்லாமலும், உரியவரின் சம்மதத்துடன் குடும்பத்தவரே அணுகலாம்.

எதிர்பாராத தடை உரைபெயர்ப்பில், அதாவது உளவளத்துணையாளருக்கும் சித்தப்பாவுக்கும் இடையே பேச்சை மொழிமாற்றிச் சொல்வதில் வந்தது. உரைபெயர்ப்பாளர் தெரிந்தவராக இருந்தால் கோயிலடியில் கதை பரவிவிடும் என்று அஞ்சி, முதற்சந்திப்பில் சித்தப்பா நெஞ்சு நோவைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. இங்கே ஒரு தம்பி எழுதியிருந்தபடி, வேறு மாநிலத்திலிருந்து தொலைபேசியில் பேசும் ஒருவரை, சித்தப்பாவின் பெயரைச் சொல்லாமலே, ஒழுங்குசெய்யக் கேட்டோம். அதன் பின்னரே, வெஸ்ட்மீட் வைத்தியசாலைக்கு வரும் ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டதும் யன்னல்களைச் சாத்திவிட்டுக் குளியலறைத் தரையில் போய் இருந்துகொள்வதை அவராகவே சொன்னார். இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் எங்களுக்கு அது தெரியாது. நித்திரை முழுமையாகச் சீராகவில்லை; நெஞ்சு நோ வெகுவாகக் குறைந்திருக்கிறது.

குடும்ப வைத்தியரிடம் போகிறவர்கள், 131 450 என்ற எண்ணில் தேசிய உரைபெயர்ப்புச் சேவையை அழைக்கும்படி வைத்தியரையே கேளுங்கள். தயவுசெய்து பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்க வேண்டாம்.