விழுந்ததிலிருந்து கொதிக்கிறது

குழு: தாத்தா வீட்டுக் கூட்டம்

சனிக்கிழமை

நிலா (மாலை 6:10): செல்வம் மாமா, அவசரம். சார்ஜர் ஒயரில் கால் மாட்டி லேப்டாப் மேசையிலிருந்து தரையில் விழுந்துவிட்டது. திரை உடையவில்லை, ஆன் ஆகிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கை வைக்க முடியாமல் சுடுகிறது, பிறகு தானாகவே அணைந்துவிடுகிறது. திங்கட்கிழமை புராஜெக்ட் கொடுக்க வேண்டும்.

வசந்தி: உன் காலில் அடி இல்லையே?

நிலா: இல்லை பெரியம்மா.

வசந்தி: அப்படியானால் சரி. டேபிள் ஃபேன் முன்னால் வை. கூலிங் ஸ்டாண்டு என்று விற்கிறார்களே, ஆர்டர் போடட்டுமா?

பிரபு: குரோமில் எத்தனை டேப் திறந்து வைத்திருக்கிறாய் நிலா? விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்.

செல்வம்: பிரபு, விழுந்தது லேப்டாப். விண்டோஸுக்கா கால் முறிந்தது?

பிரபு: 🙏 மாமா வந்துவிட்டார்.

வேலாயுதம் தாத்தா: ஃபிரிட்ஜில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் ஆகாதா?

செல்வம்: வேண்டவே வேண்டாம் அப்பா. குளிர்ந்த பொருளை வெளியே எடுத்தவுடன் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியும். லேப்டாப்புக்கு உள்ளேயும் படியும். இப்போது லேப்டாப்புக்கு உள்ளே இருக்கிற விசிறிதான் சந்தேகம், அப்புறம் மதர்போர்டும் போய்விடும்.

செல்வம்: நிலா, சூடு எந்த இடத்தில்? திரை மடங்குகிற பக்கமா, உள்ளங்கை வைக்கிற பக்கமா?

நிலா: திரைப் பக்கம், இடது மூலை. விழுந்ததும் அந்த மூலைதான்.

செல்வம்: நல்லது. உள்ளங்கைப் பக்கம் சுட்டிருந்தால் இந்நேரம் அதை வீட்டுக்கு வெளியே வைக்கச் சொல்லியிருப்பேன். பெரும்பாலான மாடல்களில் பேட்டரி அங்கேதான் இருக்கிறது. டச்பேட் முன்போல அழுந்துகிறதா? மேசையில் வைத்தால் அடிப்பக்கம் ஆடுகிறதா?

நிலா: அழுந்துகிறது. ஆடவில்லை.

செல்வம்: அப்படியானால் பேட்டரி உப்பவில்லை. இருந்தாலும் இன்று இரவு சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதே. லித்தியம் பேட்டரி உள்ளே நசுங்கியிருந்தால் உடனே காட்டிக்கொடுக்காது, பிறகுதான் வேலையைக் காட்டும்.

கதிரேசன்: மாப்பிள்ளை, இன்னும் வாரண்டி இருக்கிறதே?

செல்வம்: கீழே போட்டதற்குச் சாதாரண வாரண்டி கிடையாது அத்தான். விபத்துப் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டியிருந்தால் உண்டு. பில்லைப் பாருங்கள். அது இருந்தால் வெளிக்கடையில் திறக்கவே கூடாது.

கதிரேசன்: பார்த்துவிட்டேன், இல்லை. கடைக்காரர் அன்று கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன்.

வசந்தி: 🤦

செல்வம்: நிலா, இப்போது ஆன் செய். டிஷ்யூ பேப்பரை மெல்லிய நாடாவாகக் கிழித்துச் சூடான காற்று வெளியே வருகிற துவாரத்தின் எதிரில் பிடி. உள்ளே எதையும் நுழைக்காதே. காதை வைத்துக் கேள்.

நிலா: பேப்பர் அசையவே இல்லை மாமா. சத்தம் வருகிறது. சர்ர் என்று உரசி நின்றுவிடுகிறது, மறுபடி சர்ர்.

பிரபு: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜரில் சிபியு, அதாவது முக்கியமான சிப், எவ்வளவு சதவீதம் வேலை செய்கிறது என்று சொல். சிப்பின் வெப்பநிலை அதில் வராது, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் தெரியும்.

நிலா: சிபியு 6 சதவீதம். வெப்பம் 94 டிகிரி!

செல்வம்: பிரபு, இது உருப்படியான யோசனை. பாருங்கள், சிப் ஏறக்குறைய சும்மா இருக்கிறது, அப்படியும் 94. இன்டெல் லேப்டாப் சிப்புகள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. அதை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதிலும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். வண்டியில் ரேடியேட்டர் ஃபேன் நின்றுபோன கதைதான். சிப்பின் மேல் ஒரு செப்புத் தகடு, அதிலிருந்து செப்புக் குழாய், குழாயின் நுனியில் விசிறி. அடிபட்டதும் அந்த நுனியில்தான்.

வசந்தி: அப்படியானால் ஸ்டாண்டு?

செல்வம்: உள்ளே விசிறி நின்றுவிட்டால் வெளியிலிருந்து ஊதி என்ன பயன் அக்கா?

வசந்தி: ஆர்டர் போட்டுவிட்டேன்.

செல்வம்: நிலா, அணை. ஆறியதும் ஒருமுறை மட்டும் ஆன் செய்து புராஜெக்டைப் பென் டிரைவில் எடு. கூகுள் டிரைவிலும் ஏற்று. வேறு எதையும் திறக்காதே. மீதி வேலையை அப்பாவின் கணினியில் முடி.

நிலா: எடுத்துவிட்டேன் மாமா. இரண்டிலும் இருக்கிறது.

திங்கட்கிழமை

நிலா (மதியம் 12:40): புராஜெக்ட் கொடுத்துவிட்டேன். பஸ் நிலையத்துக்கு எதிரிலுள்ள கடையில் லேப்டாப்பைக் காட்டினேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை, மதர்போர்டு போய்விட்டது என்கிறார். 14,000 ரூபாயாம்.

செல்வம்: படம் வருகிறது, விண்டோஸ் திறக்கிறது, பென் டிரைவில் ஃபைல் ஏறியது. போர்டு போய்விட்டால் இதெல்லாம் எப்படி நடந்தது என்று அவரிடம் கேள்.

நிலா: கேட்டேன். விட்டுவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்கிறார்.

செல்வம்: வாங்கிக்கொண்டு வா. கண்ணெதிரே திறந்து காட்டுகிற கடையாகப் பார். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் மற்றதில் கை வைக்க வேண்டும். அதைச் செய்யாதவரிடம் கொடுக்காதே.

நிலா (மாலை 5:25): அடுத்த தெருவில் ஒரு அண்ணன் திறந்து காட்டினார். 📷

நிலா: விசிறியைப் பிடித்திருக்கிற திருகின் பித்தளை மரை பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வந்துவிட்டது. விசிறி சாய்ந்து, இறக்கைகள் மூடியில் உரசி வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கிறது.

செல்வம்: செப்புத் தகட்டைப் படம் எடு. சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்துகிற பசை எப்படி இருக்கிறது?

நிலா: 📷 ஒரு பக்கம் ஈரமாக, மறு பக்கம் காய்ந்து வெடித்திருக்கிறது.

செல்வம்: அந்தப் பக்கம் தகடு தூக்கிக்கொண்டிருக்கிறது. விசிறி மட்டும் மாற்றினால் பாதிச் சூடுதான் குறையும். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புதிய தெர்மல் பேஸ்ட் வைக்கச் சொல். தகட்டின் திருகுகள் அருகே 1, 2, 3, 4 என்று எண் இருக்கும், அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கினால் மறுபடி சாய்ந்துவிடும்.

நிலா: அவரும் அதையேதான் சொன்னார் மாமா. பேட்டரியைக் கழற்றி இரண்டு பக்கமும் பார்த்தார், நசுங்கல் இல்லையாம். பிய்ந்த மரையை எபாக்ஸி வைத்து ஒட்டுகிறார். இரவு முழுவதும் காய வேண்டுமாம்.

கதிரேசன்: மொத்தம் எவ்வளவு?

நிலா: விசிறி 950, கூலி 600.

கதிரேசன்: அவரிடமே கொடு.

செவ்வாய்க்கிழமை

நிலா (மாலை 4:15): வாங்கிவிட்டேன். சும்மா இருக்கும்போது 47 டிகிரி. அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டேன், 68ஐத் தாண்டவில்லை. பேப்பர் பறக்கிறது.

செல்வம்: சார்ஜர் ஒயரை நடக்கிற வழியில் விடாதே. அத்தான், அந்த பிளக்கைச் சுவரின் மறுபக்கம் மாற்றிக்கொடுங்கள்.

கதிரேசன்: எலக்ட்ரீஷியன் ஞாயிறு வருகிறார்.

வசந்தி: ஸ்டாண்டு வந்துவிட்டது. திருப்பி அனுப்பட்டுமா?

செல்வம்: இருக்கட்டும் அக்கா. மெத்தையில் வைத்துப் படிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு, அடிப்பக்கத் துவாரம் அடைபட்டுவிடும். இனிமேல் அது உதவும்.

வேலாயுதம் தாத்தா: என் போனும் சுடுகிறது. யாரும் கேட்கவில்லை.

செல்வம்: அப்பா, சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சார்ஜ் போடுகிறீர்கள் என்று அம்மா சொன்னார்.